கப்பம் கலந்த கவளம்

நியூயோர்க்கில் தொழில் பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ஒரு நாள் மஃரிபுக்குப் பின் வீட்டுக்கு வந்திருந்தார். கூடவே அவருடைய மகன். வயது 14. இஞ்சித் தேநீரும் வட்டிலப்பமும் வைத்தோம். "மௌலவிக்கு அந்தப் படங்களைக் காட்டு மகன்" என்றார் தகப்பன். பையன் கைப்பேசியை நீட்டினான்.

முதற் படத்தில் ஒரு தெருமுனை. பையன் தன் விரலைத் துப்பாக்கி போல நீட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான். "இந்த இடத்திலதான் மௌலவி, ஜோ கலோவச் சுட்டது" என்றான். அடுத்த படத்தில் ஆவி பறக்கும் ஒரு பீட்சா.

விசாரித்தபோது விடயம் விளங்கியது. மான்ஹற்றனில் 'லிட்டில் இத்தாலி' என்றொரு பகுதி இருக்கிறது. மாலை வேளையில் அங்கே உல்லாசப் பயணிகளைக் கால்நடையாகக் கூட்டிச் செல்கிறார்கள். வழிகாட்டி முன்னே நடப்பார். மாபியா எனப்படும் பாதாளக் கோஷ்டியின் கதையைச் சொல்வார். இடையிடையே கடைகளில் நின்று பாற்கட்டி, பீட்சா, இனிப்பு என்று இத்தாலிய உணவுகளைச் சுவைக்கலாம். பன்றி இறைச்சியும் மதுவும் சேர்ந்தவற்றைத் தொடவில்லை என்று, நான் கேட்க முன்னரே தகப்பன் சொல்லி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கவலை தட்டில் இருந்ததைப் பற்றியது அல்ல. அந்த நீட்டிய விரலைப் பற்றியது.

யார் இந்தக் கலோ?

அந்தத் தெருவின் பெயர் மல்பெரி வீதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் இத்தாலியின் வறுமை தாங்காமல் இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அமெரிக்கா வந்தார்கள். நேப்பிள்ஸ் பக்கத்தவர் மல்பெரி வீதியிலும், சிசிலித் தீவினர் அடுத்துள்ள எலிசபெத் வீதியிலும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். கல் சுமந்தார்கள், தையல் தைத்தார்கள், வண்டியில் மரக்கறி விற்றார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு பாண் போறணையோ பலசரக்குக் கடையோ போட்டார்கள். இன்று உலகமே விரும்பி உண்ணும் அந்தச் சாப்பாடு, அந்தக் கைகளின் உழைப்பிலிருந்து வந்தது.

கடை கொஞ்சம் தலையெடுத்ததும் ஒரு கடிதம் வரும். கீழே கறுப்பு மையில் ஒரு கையின் படம். சில வேளை கத்தியும் சவப்பெட்டியும். இன்ன தொகையை இன்ன இடத்தில் வை. இல்லையேல் கடை வெடிக்கும், பிள்ளை காணாமற் போகும். 'கறுப்புக் கை' என்று இதற்குப் பெயராயிற்று. எழுதியவனும் இத்தாலியன், வாங்கியவனும் இத்தாலியன். கப்பம் என்றால் என்னவென்று நம் நாட்டு வியாபாரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பின்னாளில் வந்தவர்களே ஜோ கலோ போன்றவர்கள். ஒரு வர்த்தகரிடம் கப்பம் பறிக்க முயன்ற வழக்கில் 1961இல் குற்றவாளியாகி, 1971இல்தான் இவர் சிறையை விட்டு வெளியே வந்தார். மறு வருடம் ஏப்ரல் 7ஆந் திகதி இவருடைய 43ஆவது பிறந்த நாள். அன்று விடியற்காலை மல்பெரி வீதியிலிருந்த உம்பர்ட்டோஸ் கிளாம் ஹவுஸ் என்ற கடல் உணவுக் கடையில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மேசையில் மனைவியின் 10 வயது மகளும் இருந்தாள். கடை பின்னர் இடம் மாறிவிட்டது. கதை மட்டும் அந்த முனையிலேயே நிற்கிறது.

பையனிடம் கேட்டேன்: "அந்த மேசையில் உன்னை விடச் சின்னப் பிள்ளை ஒன்று இருந்ததே, தெரியுமா மகன்?" அவன் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

மீனிலும் குப்பையிலும் பங்கு

அதே வீதியில் 247ஆம் இலக்கத்தில் 'ரேவனைட்' என்ற மன்றம் இருந்தது. கம்பினோ கும்பலின் தலைவர் ஜோன் கொட்டி கொலுவிருந்த இடம் அதுதான். விலையுயர்ந்த உடையும் வாரிய தலையுமாகப் பத்திரிகைகளுக்குச் சிரிப்பைக் கொடுத்தவர். மேல்மாடி வீடொன்றில் மத்திய புலனாய்வுத் துறையினர் இரகசியமாக ஒலிப்பதிவு செய்த அவருடைய பேச்சே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. 1990 டிசம்பரில் அங்கேயே கைதானார். 1992இல் கொலை உட்படப் பல குற்றங்களுக்காக ஆயுட் சிறை. 2002இல் சிறைக் கைதியாகவே இறந்தார். இதையும் பயணிகள் வாய் பிளந்து கேட்கிறார்கள்.

ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கதை சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது. அந்நகரின் பெரிய மீன் சந்தையான புல்ற்றன் சந்தையில், லொறியிலிருந்து மீன் இறக்குவதும் வாகனம் நிறுத்துவதும் நீண்ட காலமாக மாபியாவின் பிடியில் இருந்தன. அவர்கள் கேட்டதைக் கொடுக்காதவனின் மீன் இறங்காமலே கிடக்கும். உணவகங்களின் குப்பை அள்ளும் தொழிலும் அவர்கள் வகுத்த பங்கின்படியே நடந்தது. இன்ன கடை இன்னாருக்கு, வேறு ஆளை அழைக்க முடியாது, சொன்னதே விலை. 1995இலும் 1996இலும் நகர நிர்வாகம் சட்டம் இயற்றி, அனுமதிப் பத்திரம் இல்லாமல் இத்தொழில்களைச் செய்ய முடியாது என்று ஆக்கிய பின்னரே பிடி தளர்ந்தது. குப்பைக்குக் கடைக்காரர் கட்டிய கூலியும் இறங்கியது.

அதுவரை அந்தக் கூடுதல் காசைக் கட்டியது யார்? கடைக்காரர் தன் கையிலிருந்தா கட்டினார்? விலைப்பட்டியலில் ஏற்றினார். ஒரு தட்டு மீன் வாங்கிச் சாப்பிட்ட ஏழைத் தொழிலாளியும் தன் கவளத்தில் கப்பம் கட்டினான். அவனுக்கு அது தெரியாது. அவ்வளவுதான்.

பெயர் மட்டும் தெரிந்த மனிதர்

"நல்லவர் யாருடைய கதையும் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். பையன் யோசித்தான். "ஒரு பொலிஸ்காரரைப் பற்றிச் சொன்னாங்க மௌலவி. பெயர் மறந்துட்டுது."

அந்தப் பெயர் ஜோ பெட்ரோசினோ. 1860இல் தென் இத்தாலியின் பதுலா என்ற ஊரில் பிறந்து, சிறு வயதில் நியூயோர்க் வந்தவர். 1883இல் பொலிஸில் சேர்ந்தார். ஏழைக் கடைக்காரர் பொலிஸிடம் போகாததற்குப் பயம் ஒரு காரணம். அங்கே தம் மொழி தெரிந்தவர் இல்லாதது மற்றொன்று. அந்தக் குறையைத் தீர்க்க இத்தாலிய மொழி பேசும் பொலிஸாரைச் சேர்த்து ஒரு தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் இவர். கறுப்புக் கை கடிதக்காரர்கள் பலரைப் பிடித்துக் கொடுத்தார்.

அமெரிக்காவில் ஒளிந்திருந்த குற்றவாளிகளின் பழைய வழக்குப் பதிவேடுகளைத் திரட்டி, அவர்களை நாடு கடத்த வழி தேடுவதற்காக 1909இல் அவர் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு இரகசியமாகப் போனார். இரகசியம் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. மார்ச் 12ஆந் திகதி மாலை, பியாற்சா மரினா என்ற சதுக்கத்தருகே உணவருந்திவிட்டு நடந்து வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டில் சில மாதக் கைக்குழந்தை. அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நியூயோர்க்கில் அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காணச் சுமார் 2 இலட்சம் பேர் தெருவில் நின்றார்கள். லிட்டில் இத்தாலியின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு சதுக்கத்துக்கு 1987இல் அவருடைய பெயர் வைக்கப்பட்டது.

வாசகர்களே, இரண்டு பேரும் இத்தாலியர். இரண்டு பேரும் சுடப்பட்டவர்கள். ஒருவர் கடைக்காரரைப் பிழிந்தவர், மற்றவர் கடைக்காரருக்காக உயிர் கொடுத்தவர். பிள்ளையின் மனதில் நின்ற பெயர் எது? குறை பையனில் இல்லை. வழிகாட்டியும் சொல்லத்தான் செய்திருக்கிறார். ஆனால் திரைப்படமும் பாட்டும் அரை நூற்றாண்டாகக் கொலைகாரனுக்கு அழகிய உடை உடுத்திக் காட்டி வந்திருக்கின்றன.

அதே பலெர்மோவில் இன்னொரு நடை

அரபுக் கல்லூரியில் படித்த காலத்தில் சிசிலித் தீவை 'ஸிகில்லிய்யா' என்ற பெயரில் அறிந்திருக்கிறேன். அரபிகள் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆண்ட தீவு அது. பின்னர் வந்த நோர்மானிய மன்னன் ரொஜரின் அவையில் இருந்து 1154இல் தம் நூலை முடித்த அல்-இத்ரீஸி, பலெர்மோவுக்கு அருகே 'இத்ரிய்யா' என்ற மாவுப் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டதை எழுதியிருக்கிறார். இத்தாலியரின் பாஸ்தாவைப் பற்றிய பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று.

அந்த நகரில் கடைக்காரர் கட்டும் கப்பத்துக்கு 'பிட்சோ' என்று பெயர். லிபேரோ கிராசி என்ற ஆடைத் தொழிற்சாலை முதலாளி அதைக் கட்ட மறுத்தார். சும்மா மறுக்கவில்லை. 1991 ஜனவரி 10ஆந் திகதி உள்ளூர்ப் பத்திரிகையில், தன்னிடம் கப்பம் கேட்டவனையே விளித்து, தர மாட்டேன் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். மற்ற முதலாளிமார் அவரோடு நின்றார்களா? இல்லை. ஊரின் பெயரைக் கெடுக்கிறார் என்று முகம் திருப்பினார்கள். ஓகஸ்ட் 29ஆந் திகதி காலை வீட்டுக்கு அருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒவ்வொரு வருடமும் அவருடைய குடும்பத்தார் அந்த நடைபாதையில் சிவப்பு மை ஊற்றுகிறார்கள். அவரைக் கொன்றதில் குண்டுக்கு எவ்வளவு பங்கோ, தனியே விட்ட ஊருக்கும் அவ்வளவு பங்கு என்றே எனக்குப் படுகிறது.

13 வருடம் கழித்து, ஒரு சிறு கடை திறக்க நினைத்த சில இளைஞர்கள் வரவு செலவுக் கணக்கை எழுதியபோது, கப்பத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்வி வந்தது. அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. 2004 ஜூன் 29ஆந் திகதி விடிந்தபோது, மரண அறிவித்தல் போன்ற சிறு துண்டுகள் நகரெங்கும் ஒட்டப்பட்டிருந்தன. கப்பம் கட்டும் மக்கள் மானமிழந்த மக்கள் என்பது அதன் கருத்து. இப்படிப் பிறந்தது 'அத்தியோபிட்சோ' இயக்கம். கப்பம் கட்டாத கடையிலேயே வாங்குவோம் என்று முதலில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தத் தைரியத்தில் 2006இல் 100 கடைகள் தம் பெயரைப் பகிரங்கமாக வெளியிட்டன. தனியே நின்றவனைச் சுடலாம். நூறு பேரை எப்படிச் சுடுவது?

1834இல் தொடங்கிய ஒரு பழைய உணவகத்தின் அப்போதைய உரிமையாளர், 2007இல் நீதிமன்றத்தில் தன்னிடம் கப்பம் கேட்டவனை விரல் நீட்டிக் காட்டினார். 2016இல் அதே நகரில் வருடக்கணக்காக மிரட்டப்பட்ட சிறு கடைக்காரர்கள் முறையிட, பத்துப் பேர் கைதானார்கள். முறையிட்டவர்களில் பெரும்பாலானோர் பங்களாதேசத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். அந்நிய மண்ணில் சொந்த பந்தம் இல்லாதவர்கள், உள்ளூர்வாசி பலர் பயந்த காரியத்தைச் செய்தார்கள்.

அங்கேயும் கால்நடைச் சுற்றுலா உண்டு. இயக்கத்தவரின் துணை அமைப்பொன்று 2009 முதல் நடத்துகிறது. கப்பம் கட்டாத கடைகளுக்கே பயணிகளைக் கூட்டிச் செல்கிறார்கள். கடலை மாவில் பொரித்த, நம்மூர் வடையை நினைவூட்டும் 'பனெல்லே'யைத் தின்று காசு கொடுத்தால், அது மறுத்து நின்றவனின் கல்லாவில் விழுகிறது. நடை ஒன்றுதான், உணவும் ஒன்றுதான். யாருடைய பெயரைச் சொல்லி நடக்கிறோம், காசு யாரிடம் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இவற்றையெல்லாம் அன்றிரவு பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில் தேநீர் ஆறிவிட்டது. போகும்போது "ஊருக்குப் போனதும் அந்தச் சதுக்கத்தை ஒருக்காப் பார்த்துவிட்டு வா மகன்" என்றேன்.

மூன்று வாரங்களுக்குப் பின் ஒரு படம் வந்தது. இருக்கைகள், சில மரங்கள், பெட்ரோசினோவின் பெயர்ப் பலகை. பையன் பக்கத்தில் நிற்கிறான். கைகள் இரண்டும் சட்டைப் பைக்குள். கீழே எழுதியிருந்தான்: "இங்க சாப்பிட ஒண்டும் இல்ல மௌலவி. ஆனா வாப்பாவும் நானும் கொஞ்ச நேரம் இருந்தோம்."

நம் வீடுகளிலும் சாப்பாட்டு நேரத்தில் கதை நடக்கிறது. சண்டியனின் கதை சுவையானதுதான். அவனுக்குக் காசு கொடுக்காமல் நின்ற கடைக்காரரின் கதையையும் ஒரு நாள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சாமான் வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தானே.