தேன் சுத்தமா? எறும்பைக் கேட்காதீங்க, மகரந்தத்தைக் கேளுங்க!

'தண்ணில விட்டா கரையாம அடியில தங்கணும்', 'எறும்பு மொய்க்கவே கூடாது'... வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த டெஸ்ட்டுகளை நம்பித்தான் பலரும் தேன் வாங்குகிறார்கள். ஆனால், கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில்தான் தங்கும். நல்ல தேனையும் எறும்பு மொய்க்கும்.

லேப் டெஸ்ட்டிலும் தப்பிக்குமா?

2020 டிசம்பரில், டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களின் சோதனை முடிவுகளை வெளியிட்டது. ஜெர்மனி ஆய்வகத்தில் நடந்த என்எம்ஆர் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை 3 மட்டுமே. முன்னணி நிறுவனங்கள் இதை மறுத்தன. கரும்பு, சோளச் சர்க்கரையைப் பிடிக்கும் பழைய சோதனையில் அரிசிப் பாகு சிக்காது. சிக்கலே அதுதான்.

மகரந்தம் என்ன சொல்லும்?

பூவில் தேன் குடிக்கும்போது தேனீயோடு மகரந்தமும் வந்துவிடும். ஒவ்வொரு செடியின் மகரந்தத்துக்கும் தனி வடிவம், தனி மேற்பரப்பு உண்டு. தேனை நீரில் கரைத்து, அடியில் படிவதை மைக்ரோஸ்கோப்பில் எண்ணினால், தேனீ எந்தப் பூக்களைத் தேடிப் போனது என்று தெரிந்துவிடும். முருங்கைத் தேன், வேப்பம்பூத் தேன் என ஒரே பூவின் பெயரில் விற்க வேண்டுமென்றால், அந்தச் செடியின் மகரந்தம் குறைந்தது 45% இருக்க வேண்டும் என்கிறது இந்திய விதி.

இதிலும் ஒரு 'ஆனால்' உண்டு. கன்னியாகுமரி ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தம் பெரிதாக இருக்காது. காரணம், அங்கே தேனீக்கு இனிப்பு கிடைப்பது பூவில் அல்ல, இலைக்காம்புச் சுரப்பியில். பாகில் மகரந்தத்தைக் கலந்து ஏமாற்றவும் முடியும். அதனால் மகரந்தச் சோதனையையும் சர்க்கரைச் சோதனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புதுச்சேரியிடம் என்ன இருக்கிறது?

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் இல்லாமல் மகரந்தத்தை அடையாளம் காண முடியாது. 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான மகரந்த ஸ்லைடுகள் இருக்கின்றன. மகரந்தவியல் அறிஞர் கணபதி தணிகைமணி பணியாற்றிய இடம் அது. தென்னிந்தியத் தேன்களின் மகரந்தத்தை ஆராய்ந்து, அங்குள்ள ஆய்வாளர்கள் 2014-ல் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

இவ்வளவு அறிவு ஊருக்குள்ளேயே இருந்தும், கடையில் வாங்குபவருக்கு லேபிளில் உள்ள 'இயற்கை', 'சுத்தம்' மட்டும்தான் ஆதாரம். இதில் அதிகம் அடிபடுவது நேர்மையான சிறு தேனீ வளர்ப்பாளர். பாகு கலந்தவரின் விலையோடு அவரால் போட்டி போட முடியாது. சோதனைக் கட்டணத்தையும் அவரே சுமக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவுப்படி, வாங்கிய உணவைக் கட்டணம் கட்டிச் சோதிக்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு விதிகளை மீறியிருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சிறு உற்பத்தியாளர்களின் சோதனைச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். பூப் பெயர் போட்டு விற்பவரிடம் மகரந்த ரிப்போர்ட்டைக் கடைகள் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை முருங்கைத் தேன் பாட்டிலை எடுக்கும்போது, 'ரிப்போர்ட் இருக்கா?' என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.