பழுது பார்ப்பது இழிதொழிலா?

புதிதாகச் செய்த எந்திரத்தில் பழுது தோன்றினால், செய்தவர்களின் முகம் வாடுவது இயல்பு. “நேற்றுத்தானே முடித்தோம், அதற்குள் கோளாறா?” என்று கேட்கிறோம். இக்கேள்வியிலேயே பிழையான எண்ணம் ஒன்று மறைந்து கிடக்கிறது. புதியது ஆகையால் குறையற்றது என்பதே அவ்வெண்ணம். உண்மை வேறு. எந்திரங்களின் வாழ்நாளில் பழுதுகள் மிகுதியாகத் தோன்றும் பருவங்கள் இரண்டு. ஒன்று, பிறந்த சில நாள். மற்றொன்று, தேய்ந்து மூப்படைந்த காலம். பொறியியல் நூல்கள் இதைக் குளியல் தொட்டியின் வடிவம் கொண்ட வளைகோடாக வரைந்து காட்டுகின்றன. ஆகவே, புது எந்திரத்தில் பழுது வருவது அவமானம் அன்று. வந்த பழுதைப் பார்க்கத் தெரியாமல் நிற்பதே அவமானம்.

இதை நான் இங்கே எழுதக் காரணம் உண்டு. எந்தத் தரையிலும் ஓடவல்ல வண்டிகளை மாணவர்களே செய்து ஓட்டும் ‘பாஹா’ போட்டியை அன்பர்கள் அறிவார்கள். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இப்போட்டி, 2007 முதல் நம் நாட்டிலும் நடைபெறுகிறது. இந்தூருக்கு அருகிலுள்ள பீதம்பூரின் மண் தடங்கள் இதனால் மாணவரிடையே புகழ் பெற்றன. ஒருவர் மட்டும் அமரும் வண்டி. சிறிய எஞ்சின். இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு. மேடு, பள்ளம், சேறு, கல் எல்லாவற்றின் மீதும் நான்கு மணி நேரம் அவ்வண்டி ஓடவேண்டும். நம் சங்கத்து மாணவர் பலர் இத்தகைய குழுக்களில் உழைக்கிறார்கள். அவர்களுடைய ஊக்கத்தைப் பாராட்டுகிறேன். ஆனால், அவர்களிடம் வளர்ந்துவரும் ஒரு மனப்பான்மையை மட்டும் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. வரைபடம் வரைவது அறிவுடையோர் வேலை, ஸ்பானர் பிடிப்பது மிஸ்திரியின் வேலை என்பதே அந்த மனப்பான்மை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். புதிதாக முடிந்த வண்டி ஒன்று, ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் நின்றுவிடும். சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் கிளம்பும், மீண்டும் நிற்கும். குழுவினர் பிளக்கை மாற்றினர். பின் கார்புரேட்டரை மாற்றினர். பற்றவைப்புச் சுருளையும் மாற்றினர். மூன்று நாளும் ஒரு நல்ல தொகையும் சென்றன. நோய் மட்டும் போகவில்லை. பட்டறையில் முப்பது ஆண்டு உழைத்த முதிய மிஸ்திரி ஒருவர், வண்டி நின்ற மறுகணமே அருகில் வந்து, பெட்ரோல் தொட்டியின் மூடியைச் சற்றே தளர்த்தினார். “உஸ்” என்று காற்று உள்ளே புகுந்த ஓசை எல்லோர் காதிலும் விழுந்தது. “பேட்டா, வண்டிக்கு மூச்சு முட்டுகிறது” என்றார். வண்டி உடனே கிளம்பியது. பெட்ரோல் சிந்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு எவரோ மூடியிலிருந்த காற்றுத் துளையைப் பசையிட்டு அடைத்திருந்தார்கள். பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்றழுத்தம் குறைந்து, எண்ணெய் இறங்க மறுத்திருக்கிறது. வண்டி கவிழ்ந்தாலும் எண்ணெய் கசியாமல், காற்றை மட்டும் உள்ளே விடும் ஒருவழி அடைப்பான் பொருத்தப்பட்டதும் குறை தீர்ந்தது.

அந்த முதியவருக்கு மந்திரம் தெரிந்திருக்கவில்லை. ‘ஓடுகிறது, நிற்கிறது, ஓய்வுக்குப் பின் ஓடுகிறது’ என்ற வரிசையை அவர் கவனித்தார். அவ்வரிசைக்குப் பொருந்தும் காரணங்கள் எவை என்று எண்ணினார். அவற்றுள் காசில்லாமல், கருவியில்லாமல், ஒரு நொடியில் சோதிக்கக் கூடியதை முதலில் சோதித்தார். அறிவியல் முறை என்று வகுப்பறையில் நாம் படிப்பது இதுதானே? அதைப் படித்த நாம் பொருள்களை மாற்றிக்கொண்டிருந்தோம். படிக்காதவர் என்று நாம் கருதியவர் அம்முறையைக் கைக்கொண்டார். இதைவிட வேடிக்கை வேறு உண்டோ?

பழுது பார்த்தல் என்பது பொருள் மாற்றுதல் அன்று, காரணம் காணுதல். பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மிதிகட்டை பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தபின் கெட்டியாகுமானால், குழாயினுள் காற்று இருக்கிறது. காற்றை வெளியேற்றும் முனை மேல்நோக்கி இல்லாமல் பொருத்தப்பட்டிருந்தால், எத்தனை முறை முயன்றாலும் அக்காற்று வெளியேறாது. மிதித்த காலை எடுக்காமல் இருக்கும்போதே கட்டை மெல்ல மெல்லக் கீழிறங்குமானால், வெளியே கசிவு இருக்கிறது, அல்லது தலைமைச் சிலிண்டரினுள் முத்திரை வளையம் கெட்டிருக்கிறது. கட்டை கல்போல் இருந்தும் வண்டி நிற்கவில்லையெனில், தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். அல்லது புதிய பிரேக்குக் கட்டைகள் தட்டோடு இன்னும் படியாமல் இருக்கலாம். குறை ஒன்றே போல் தோன்றும். குறி மூன்று, நோய் மூன்று, மருந்தும் மூன்று. மூன்றுக்கும் சிலிண்டரையே மாற்றுகிறவன் பொறியாளன் அல்லன். கடைக்காரனுக்கு நல்ல வாடிக்கைக்காரன்.

இன்னும் ஒன்று. மேடுபள்ளத்தில் குதிக்கும்போது மட்டும் எஞ்சின் அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்புரேட்டரைக் குற்றம் சொல்லப் பலரும் முந்துவர். ஆனால், எஞ்சினை அணைக்கும் சுவிட்சுக்குச் செல்லும் கம்பி கூண்டின் இரும்பில் உராய்ந்து, மேலுறை கிழிந்திருக்கலாம். இத்தகைய சிறிய எஞ்சின்களில் அக்கம்பி இரும்பைத் தொட்டால் தீப்பொறி அற்றுவிடும். எஞ்சின் நின்றிருக்கையில் கம்பியைச் சுருளிலிருந்து கழற்றி, அதற்கும் கூண்டுக்கும் இடையே மீட்டரை வைத்து, கம்பிக் கட்டை ஆட்டிப் பார்த்தால் போதும். முள் துள்ளினால் திருடன் அகப்பட்டான். எஞ்சின் சீறுகிறது, வண்டி நகரவில்லை, கருகிய மணம் வீசுகிறது என்றால் பெல்ட்டு வழுக்குகிறது. இரு கப்பிகளும் நேர்கோட்டில் உள்ளனவா என்று நூல் பிடித்துப் பாராமல் புதுப் பெல்ட்டு மாட்டினால், அதுவும் கருகும்.

புது வண்டிக்கே உரிய நோய் மற்றொன்று உண்டு. அது இறுக்கம் தளர்தல். இறுக்கிய பரப்புகள் முதல் ஓட்டத்தில் ஒன்றோடொன்று படிகின்றன. போல்ட்டின் தலைக்கு அடியிலுள்ள பெயின்ட்டு நசுங்குகிறது. இழுவிசை குறைகிறது, பின்னர் அதிர்ச்சியில் நட்டு கழல்கிறது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டு, 8.8 தரமாயின், ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கப்படும். முதல் அரைமணி ஓட்டத்திற்குப் பின் ஒவ்வொன்றையும் முறுக்களவு ஸ்பானரால் மீண்டும் பார்ப்பது கடமை. நட்டின்மீது கோடிட்டு வைப்பது நல்ல வழக்கம். எனினும், கோடு நகராமலே இறுக்கம் குறையக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டியரிங் கம்பியில் ஒரு நட்டு கழன்றால், போவது பரிசு மட்டும் அன்று. உள்ளே அமர்ந்திருப்பவன் நம் தோழன்.

“நேரம் இல்லை, போட்டி நெருங்குகிறது. ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா? ஐயப்படும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவதே விரைவான வழி” என்பார் உளர். இவ்வாதத்தில் சிறிது உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பந்தயத்தின் நடுவில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில், அவ்வாறு செய்வது அறிவே. ஆனால், பயிற்சிக் காலத்தில் மூன்று பொருள்களை ஒருங்கே மாற்றி வண்டி ஓடிவிட்டால், எது நோய் என்று எவருக்கும் தெரியாது. தெரியாத நோய் திரும்பி வரும். பெரும்பாலும் பந்தயத்தன்றே வரும். புதிதாக மாட்டியவற்றுள் ஒன்று தானே புதிய கோளாறைக் கொண்டுவருவதும் உண்டு.

பழுதை மறைப்பதால் எவரும் பெரியவராகவில்லை. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பான்டம் நிறுவனம், படைத்துறை கொடுத்த 49 நாள் கெடுவுக்குள், பின்னாளில் ‘ஜீப்’ என்று உலகப் புகழ் பெற்ற வண்டியின் முதல் உருவைச் செய்து ஒப்படைத்தது. படைத்துறையினர் அதைப் பூசை அறையில் வைக்கவில்லை. கரடுமுரடான தடத்தில் ஓட்டி, உடையக் கூடியதை உடைத்து, உடைந்ததைக் குறித்துக்கொண்டார்கள். அக்குறிப்புகளிலிருந்தே அடுத்த வண்டிகள் வலிமை பெற்றன. நம் குழுக்களிலோ, பழுது நேர்ந்தால் இரவோடிரவாக ஒட்டவைத்து, ஆசிரியர் அறியாமல் பெயின்ட்டுப் பூசுகிறோம். அடுத்த ஆண்டு வரும் தம்பிமார் அதே பழுதை முதன்முதலாகக் கண்டுபிடித்து அவதிப்படுகிறார்கள்.

ஆகவே, மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு குழுவும் பழுதுக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்க வேண்டும். என்ன கண்டோம், எதை ஐயுற்றோம், எப்படிச் சோதித்தோம், எது காரணம் என்ற நான்கும் நாள்தோறும் அதில் ஏறவேண்டும். ஆண்டு முடிவில் அது நூலகத்திற்குச் செல்லவேண்டும். இரண்டாவது, வண்டியின் வடிவமைப்புக்கு மதிப்பெண் தரும் ஆசிரியப் பெருமக்கள், பழுது கண்டறியும் திறனுக்கும் மதிப்பெண் தர முன்வர வேண்டும். மூன்றாவது, குழு கூடி ஆராயும்போது பட்டறை மிஸ்திரிக்கு ஒரு நாற்காலி போடவேண்டும். தேநீர் கொண்டுவர அன்று, கருத்துச் சொல்ல. அவர் பேசும் இந்தி நமக்கு முழுதும் விளங்காமல் போகலாம். எஞ்சினின் ஓசையைக் கேட்டு அவர் தலையசைக்கும் மொழி எந்த ஊர்க்காரனுக்கும் விளங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இத்தனை தொலைவு வந்து படிக்கிறோம். பட்டம் பெற்றுத் திரும்பும்போது கைகள் தூய்மையாகவே இருந்தன என்று பெருமை கொள்வதற்கா வந்தோம்? நகக்கண்ணில் படிந்த கிரீஸ் இரண்டு நாளில் போய்விடும். காரணம் காணும் பழக்கம் கையோடு வந்துவிட்டால், அது வாழ்நாள் முழுதும் போகாது.