இருபதாவது மடங்கு

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் எல்.இ.டி பல்பு வாங்குகிறவர் வாட், விலை, வாரண்டி பார்ப்பார். அந்த பல்பு பக்கத்து வீட்டு ரேடியோவை என்ன செய்யும் என்று அட்டையில் இருக்காது. பல பல்புகளுக்குள் இருக்கும் டிரைவர், 230 வோல்ட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் எல்.இ.டி தாங்கும் அளவுக்கு இறக்குகிறது. செல்போன் சார்ஜரும் டிவியும் சோலார் இன்வெர்ட்டரும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. 50 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் இரைச்சல் அங்கேயே நிற்காது. 100, 150, 200 என மடங்கு மடங்காக மேலே ஏறும். இருபதாவது மடங்கு 1000. 1966-இல் தொடங்கிய கோவை வானொலியின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். வீட்டு ஒயரிங்கே ஏரியலாகி அந்தக் கரகரப்பைப் பரப்பும்போது, செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் அதற்குள் அமுங்கிப்போகின்றன.

இதைத் தடுக்க, மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சிறு காயிலும் கெபாசிட்டரும் போதும். மலிவுப் பல்பில் முதலில் வெட்டுப்படுவதும் அவைதான். ஏனென்றால் அவை இல்லாமலும் பல்பு எரியும். இந்த இரைச்சலுக்கு வரம்பு வகுக்கவென்றே சிஸ்பிர் என்ற பன்னாட்டுக் குழு 1934-இல் அமைந்தது. ஐரோப்பாவில் அந்த வரம்புக்குள் அடங்காத பொருளைச் சட்டப்படி விற்க முடியாது. இங்கே எல்.இ.டி பல்புக்குக் கட்டாயமான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 16102-இன் முதல் பகுதியோ ஷாக், தீ, சூடு ஆகியவற்றைப் பற்றியது. உயிர்காக்கும் விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது வாங்கியவரை மட்டுமே காக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை அல்ல.

இப்போது மத்திய அலையை யார் கேட்கிறார்கள் என்பார்கள். எஃப்.எம். மலை மறைத்தால் திணறும். மத்திய அலை நிலத்தை ஒட்டியே போவதால் ஆனைமலை அடிவாரத் தோப்புகள் வரை எட்டும். அது ஒருபுறம் இருக்கட்டும், ரேடியோ கேட்பதோடு முடிகிற சேதமும் இல்லை இது. வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் கிராமத்தில் ஒரு வீட்டுப் பழைய டிவி தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதன் இணையத்தையும் பதினெட்டு மாதம் முடக்கிய கதை 2020-இல் வெளியே வந்தது. 2004 சுனாமியில் தொலைபேசி அறுந்த அந்தமானிலிருந்து சேதி கொண்டுவந்தவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். அப்படிப்பட்ட மெல்லிய குரலைத்தான் இந்த இரைச்சல் முதலில் விழுங்கும்.

விலை ஏறும், ஏழைக்குப் பாரம் என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஆனால் உஜாலா திட்டத்துக்காக அரசு மொத்தமாக வாங்கியபோது, 2014-இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. கோடிக்கணக்கில் வாங்கும் அரசு டெண்டரில் இரைச்சல் வரம்பையும் ஒரு நிபந்தனையாக வைத்தால், சில ரூபாய் உதிரிபாகம் பெரிய சுமையாகாது. அதுவரை ரேடியோவை நிலையமில்லாத இடத்தில் திருப்பிவைத்து, பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்தால் எது கத்துகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கையில், “நல்லாத்தானே எரியுதுங்க?” என்பார் கடைக்காரர். அவருக்கு எடுத்துக்காட்ட அட்டையில் ஒரு முத்திரை வேண்டும்.