கார்டை உருவியவர் மீது பழி போடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் கோதையாறும் பரளியாறும் திருவட்டாற்றைச் சுற்றி வந்து மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, இரண்டு சிற்றாறு அணைகள். பேச்சிப்பாறையின் 48 அடியில் எவ்வளவு நிரம்பியது, எங்கே எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது இங்கே வெறும் புள்ளிவிவரம் அல்ல. கரையோர வீடுகளின் கவலை. இத்தகைய அளவுகளைத் தானாகவே எடுத்து, மெமரி கார்டில் சேர்த்துவைக்கும் சிறு கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஊழியர் வந்து பழைய கார்டை உருவிப் புதியதைச் செருகிப் போவார். அலுவலகத்தில் திறந்துபார்த்தால் கோப்பு காலியாக இருக்கும். ‘ஒழுங்காக எடுக்கவில்லை’ என்று பழி அவர் தலையில் விழும். ஆனால் தவறு அவர் கையில் இல்லை, கருவியின் நிரலில் இருக்கிறது.

இத்தகைய கார்டுகளில் பொதுவாக உள்ள ‘ஃபேட்’ கோப்பு முறையில், எந்தக் கோப்பின் அடுத்த துண்டு எங்கே என்பதை ஓர் அட்டவணையும், கோப்பின் நீளத்தை அடைவும் சொல்கின்றன. கருவியின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் அந்த அட்டவணையில் 512 பைட் அளவுள்ள ஒரு பகுதியைத் தன் நினைவகத்தில் வைத்துத் திருத்திவிட்டு, பிறகே கார்டில் எழுதும். புதிய கோப்பை மூடும் முன் கார்டை உருவினால் அடைவில் நீளம் பூஜ்யமாகவே நிற்கும். அளவுகள் கார்டில் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். மாற்றிச் செருகிய கார்டின் கதி இன்னும் மோசம். பேரேட்டை மாற்றிவைத்தது தெரியாமல், பழைய பக்க எண்ணை நினைவில் வைத்து எழுதிக்கொண்டே போகும் கணக்குப்பிள்ளையைப் போல, கருவி பழைய கார்டின் அட்டவணையைப் புதியதன் மேல் எழுதிவிடும். ஒரே மாற்றத்தில் இரண்டு கார்டும் பாழ்.

இதற்கு வழி எப்போதோ கண்டாகிவிட்டது. சிறு கருவிகளில் பரவலாகப் பயன்படும் ‘ஃபேட்எஃப்எஸ்’ என்ற இலவச நிரல், கார்டு மாறியதாகத் தகவல் வந்தால் திறந்திருந்த பழைய கோப்புகளைச் செல்லாதவை ஆக்கிவிடும். அந்தத் தகவலைத் தரும் வேலை மட்டும் கருவியை வடிவமைப்பவருடையது. அதைச் செய்யாமல் விட்டாலும் சோதனை மேசையில் எல்லாம் சரியாகவே ஓடும். அங்கே யாரும் கார்டை உருவுவதில்லையே! கார்டு செருகும் இடத்தில் உணர்சுவிட்ச் வைக்கலாம். எஸ்டி கார்டு ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் பதித்த வரிசை எண் உண்டு. எழுதும் முன் அதைப் படித்து ஒப்பிடலாம். ஒவ்வோர் அளவையும் எழுதியதும் கோப்பை மூடிவிடலாம்.

‘கைபேசி வலைப்பின்னல் வழியே அனுப்பினால் போதாதா, கார்டு எதற்கு?’ என்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, குமரி மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாள்கணக்கில் முடங்கின. மழைக்கணக்கு மிகவும் தேவைப்படும் நாளில்தான் வலைப்பின்னல் கைவிடும். ஒவ்வோர் அளவுக்கும் இப்படி அடிக்கடி எழுதினால் கார்டு தேயும் என்பது ஓரளவு நியாயமான கவலை. ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 96 தடவைதான், நல்ல கார்டுக்கு அது சுமையே அல்ல. ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனாலும் கொட்டும் மழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவர், பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தி விளக்கு அணையும்வரை காத்திருப்பார் என்று நம்பி ஒரு கருவியை வடிவமைக்கக் கூடாது.

ஆகவே பொதுப்பணத்தில் வாங்கும் கருவிகளின் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர வேண்டும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி முன்னிலையில் கார்டை உருவி, வேறு கோப்புகள் உள்ள இன்னொன்றைச் செருக வேண்டும். கடைசி ஓர் அளவு போகலாம். அதற்கு மேல் எந்தக் கார்டில் எது அழிந்தாலும் கருவியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.