நாடாவிலிருந்து இணையத்துக்கு

ஊரில் நடந்த திருமணத்தின் வீடியோ நாடா கனடாவுக்கு வந்து சேர்ந்தும், அதைப் பார்க்க முடியாது ஏமாந்த நாட்கள் வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் பதிவான நாடாக்கள் பெரும்பாலும் வினாடிக்கு 25 படங்களும் 625 வரிகளும் கொண்ட ‘பால்’ முறைக்கு உரியவை. இங்குள்ள பெட்டிகளோ ஏறத்தாழ 30 படங்களும் 525 வரிகளும் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையை மட்டுமே அறிந்தவை. பணம் கொடுத்து மாற்றுவித்த பின்னரே மணமக்களின் முகம் தெரிந்தது.

இன்று அந்த நாடாக்களைச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் தத்தம் இணையத்தளங்களில் இட விரும்புகின்றன. நன்முயற்சியே. ஆயின், எவ்வடிவில் மாற்றுவது, எங்கே வைப்பது என்ற இரு வினாக்கள் எழுகின்றன.

முதலாவது, வடிவம். 2003 இல் வெளியான எச்.264 என்னும் சுருக்க முறையில் அமைந்த எம்.பி.4 கோப்பு, ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் ஓடும். 2018 இல் வந்த ஏ.வி.1 அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தரும்; எனினும் பழைய கருவிகள் பலவற்றுக்கு அது ஒவ்வாது. ஊரிலுள்ள முதியவர் தம் பழைய கைத்தொலைபேசியிலும் பார்க்க வேண்டுமெனில் எச்.264 முறையே தக்கது. நாடாவில் இல்லாத தெளிவை மிகப்பெரிய கோப்பும் தந்துவிடாது.

இரண்டாவது, இடம். வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரப் படம் 900 மெகாபைட் ஆகும். 500 பேர் முழுமையாகப் பார்த்தால் 450 கிகாபைட். வாடகைக்கு எடுத்த சிறிய வழங்கி இச்சுமையில் திணறும்; கட்டணமும் ஏறலாம். யூரியூப் இச்சுமையை இலவசமாகத் தாங்கும். பார்ப்பவரின் இணைய வேகத்துக்கேற்பத் தரத்தையும் மாற்றித் தரும். அங்கே ஏற்றி, நமது தளத்தில் இணைத்துக் காட்டுவதே எளிது.

ஆனால், அது நமது வீடன்று. பின்னணியில் ஒரு திரைப்பாடல் ஒலித்தாலே உரிமைக் கோரிக்கை வரக்கூடும். கூகிள் நிறுவனத்தின் ‘கூகிள் வீடியோ’ 2012 இல் மூடப்பட்டதையும் மறத்தலாகாது. இணையத்தில் இருப்பது பார்வைப் பிரதி மட்டுமே. மூலப்பிரதி நம் கையில் இருத்தல் வேண்டும். ஆவணக் காப்பகங்கள் கையாளும் எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பற்ற முறையில் அதனைப் பதிந்து, இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். ஊர், ஆண்டு, இருப்போர் பெயர் ஆகியவற்றையும் எழுதி உடன் வையுங்கள். 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் அடியோடு அழிந்தன. அந்தப் பாடத்தை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

காலமும் குறைவு. வி.எச்.எஸ். பெட்டிகளை இறுதிவரை தயாரித்துவந்த யப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016 இல் நிறுத்திவிட்டது. நாடாக்களோ ஆண்டுதோறும் நலிகின்றன. அவற்றிலே தேர் இழுப்போருள் இன்று நம்மிடையே இல்லாதோர் எத்தனை பேர்! நிலவறையில் கிடக்கும் அட்டைப்பெட்டியை இவ்வாரமே திறந்து பாருங்கள்.