காலியாகத் திரும்பும் லொறியில் ஓர் இடம்

கலேவெலயில் லொறி ஓட்டிப் பிழைக்கும் நாங்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகச் சேர்ந்து அறிவிப்பது இது: கைவிடப்பட்டு மீட்கப்பட்ட நாய்களையும் பூனைகளையும், வளர்க்க முன்வந்தவர் வீட்டு வாசல்வரை, கூலி வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

எங்களிடம் காசு இல்லை, பாதை இருக்கிறது. அம்பேபுஸ்ஸயிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலை போகும் ஏ6 வீதி எங்கள் ஊருக்குள்ளால்தான் ஓடுகிறது. தம்புள்ளையில் ஏ9இல் ஏறிவிட்டால் யாழ்ப்பாணம்வரை ஒரே ஓட்டம். தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் வந்தபிறகு நாட்டின் மரக்கறியில் பெரும்பங்கு அங்கே கைமாறுகிறது. கொழும்புப் பக்கம் பெலியகொடைச் சந்தையில் லோட்டை இறக்கிவிட்டு வருகிற எத்தனையோ லொறிகளில் திரும்பும்போது வெறுங்கூடைதான். கிளீனர் வராத நாளில் பக்கத்து சீட்டும் காலி. டீசல் எப்படியும் எரியத்தான் போகிறது.

தம்புள்ளைச் சந்தைப் பக்கம் இரவில் நிற்கிறவர்களுக்கு மற்றக் கதையும் தெரியும். உரப்பையில் கட்டி வீசிவிட்டுப் போகிற குட்டிகளில் பெரும்பாலானவை பெட்டைகள். கடுவன் குட்டியை யாராவது வீட்டுக் காவலுக்கென்று தூக்கிப்போவார்கள். பெட்டையை எடுத்தால் வருசத்துக்கு இரண்டு ஈத்து என்று பயம். தப்பியவை அழுகிய கோவாவுக்கும் மிச்சச் சோற்றுக்கும் அலைந்து, பகலில் லொறிக்கடியில் நிழலுக்குப் படுக்கும். வண்டியை எடுக்குமுன் டயருக்குக் கீழே குனிந்து பார்க்காத கிளீனரை நாங்கள் கிளீனராகவே கணக்கெடுப்பதில்லை.

இது நாங்கள் கண்டுபிடித்த வேலை அல்ல. 2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்தபோது, வளர்த்த பிராணியை விட்டுவர மனமில்லாமல் வெள்ளத்துக்குள்ளேயே நின்றவர்கள் உண்டு. அடுத்த வருசமே, அனர்த்தத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. சட்டத்துக்குக் காத்திராமல் 2005இலேயே ‘ஒப்பரேஷன் ரோஜர்’ என்ற பெயரில் லொறிச் சாரதிகள் இறங்கிவிட்டார்கள்: தங்கள் லோட்டோடு லோட்டாக மீட்ட பிராணியைக் கெபினில் ஏற்றி, புது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை மாவட்டத்தையும் புரட்டிப்போட்டபோது மனிதரைக் காப்பாற்றவே கை போதவில்லை. அதில் யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த தடவைக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும் என்கிறோம்.

எங்கள் நிபந்தனைகளில் விட்டுக்கொடுக்காதது ஒன்று: ஊசி அட்டை இல்லாத நாய் ஏறாது. விசர்நாய்க்கடி நோய் உடம்புக்குள் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், வெளியே தெரியாமல் கிடக்கும். பார்த்தால் சுகமான குட்டி. அதைக் கலேவெலயிலிருந்து கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் விட்டால், நோயைக் கொண்டுபோய் விட்டவர்கள் நாங்கள்தான். ஆகவே 3 மாதம் முடிந்து ஊசி போட்டு, அதற்குமேல் இன்னொரு மாதம் போகவேண்டும். 4 மாதத்துக்குக் குறைந்த குட்டியை, யார் கெஞ்சினாலும், ஏற்றமாட்டோம். விற்பனைக்குப் போகிற சாதி நாய்க்குட்டிகளுக்கும் இடமில்லை. அவற்றுக்குப் பணம் கட்டுகிறவர் வாகனத்துக்கும் கட்டட்டும். குரங்குக்குட்டி, கிளி, தேவாங்கு என்று கொண்டுவருகிறவர்கள் வனஜீவராசித் திணைக்களத்துக்குப் போகவும்.

கூடு வாங்க அலையத் தேவையில்லை. 2011 கடைசியில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்றவேண்டும் என்று விதி வந்தபோது தம்புள்ளையே கொதித்தது. அந்தக் கூடை இன்று கைகொடுக்கிறது. இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து நான்கு பக்கமும் இறுகக் கட்டினால் பூனைக்கும் சின்னக் குட்டிக்கும் காற்றோட்டமான கூடு. அடியில் சாக்கு, அதன்மேல் பழைய பத்திரிகை. வளர்ந்த நாய்க்குக் கம்பிக் கூடு வேண்டும். எஞ்சின் மூடிமேல் வைக்கக்கூடாது, மணிக்கணக்கான ஓட்டத்தில் அது தோசைக்கல்லாகச் சுடும். படங்குக்குள் மரக்கறியோடு போடவும் கூடாது. புறப்படுமுன் சில மணி நேரம் சாப்பாடு இல்லை, போட்டால் வளைவில் கக்கும். தண்ணீர் மட்டும். தேத்தண்ணிக்கு நிறுத்துகிற இடத்தில் பாவம் பார்த்துக் கூட்டைத் திறக்கிறவர் எங்களோடு அடுத்த ஓட்டத்துக்கு வரவேண்டாம். ஹபரணைக் காட்டோரம் இருட்டில் ஓடிய நாயைத் தேடிப் போனால் எதிரே யானை நிற்கும்.

எங்கள் முஸ்லிம் சகோதரர்களில் நாய் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும் என்பதைக் கைக்கொள்கிறவர்கள் பலர். அவர்களை ஒருவரும் வற்புறுத்தமாட்டோம். பூனையை அவர்கள் ஏற்றுவார்கள், நாய் மற்றவர்களின் லொறியில் போகும். தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை எங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னதும் அவர்கள்தான். லொறி சொந்தமில்லாதவர் முதலாளியிடம் கேட்டுக்கொண்டே ஏற்றவேண்டும். மறைத்து ஏற்றுவது எங்கள் வேலை இல்லை.

“மனுசருக்கே வழியில்லை, நாய்க்கு லொறியா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். மனுசரை நாய் கடிக்கிற பிரச்சினையும் இதற்குள்தான் கிடக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம்: லொறியில் நாலு நாயை அனுப்பித் தெருவில் நாய் குறையாது. 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியது சரி. அதற்கு ஈடாகப் பெட்டைகளுக்குக் கருத்தடை தொடர்ந்து நடந்திருக்கவேண்டும். பிரதேச சபையும் அரச கால்நடை வைத்திய அலுவலகமும் சேர்ந்து ஊர் ஊராக அதைச் செய்யட்டும். நாயைக் கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோய் விட எங்கள் வாகனம் வரும். விலங்குவதைக்கு இந்த நாட்டில் இன்னும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான். அதில் எழுதிய அதிகபட்ச அபராதம் 100 ரூபா. இன்று அந்தக் காசுக்கு ஒரு பிளேன்டியோடு கடிக்க ஒன்று வருமா என்பதே சந்தேகம். புதிய சட்டமூலம் வருசக்கணக்காக இழுபடுகிறது. அதை நிறைவேற்றக் கேட்கிறோம்.

வளர்க்கக் கேட்பவர் வீட்டைப் பார்க்காமல் ஒப்படைக்கமாட்டோம். பிறகு முடியாது என்றால் ரோட்டில் விடாமல் சொல்லியனுப்புங்கள், அடுத்த லொறியில் திருப்பி எடுப்போம்.

லொறிக்கு இப்போது பஞ்சமில்லை. தேவைப்படுவது வீடு. வீசப்பட்ட குட்டி ஊசி போட்டு 4 மாதம் தாண்டும்வரை கலேவெல, தம்புள்ளைப் பக்கம் வைத்திருக்க ஒரு திண்ணை, ஒரு கொட்டில் தரக்கூடியவர்கள், சந்தையில் எந்தக் கலேவெல லொறிக்காரரிடமும் சொல்லுங்கள்.