இராசராசப் பெரும்பள்ளி யார் சொத்து?

கிழக்கு மாகாணத்தில் எங்காவது உடைந்த செங்கல் ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும்; மறுநாள் அங்கே பெயர்ப்பலகை முளைக்கிறது, அதற்கு மறுநாள் காணித் தகராறு முளைக்கிறது. 2020 ஜூன் மாதத்தில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, அம்மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்யவென ஒரு செயலணியை வர்த்தமானி மூலம் நியமித்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். அங்கத்தவர் பதினொருவர். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நான்கில் மூன்று பங்கினராக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தச் சபையில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை! பழங்கல்லைப் பார்வையிடப் பாதுகாப்பு அமைச்சு எதற்கு என்று அன்றே பலர் கேட்டனர். மறுமொழி வந்ததாக நாம் அறியோம்.

அச்செயலணியின் பின்னே நின்ற எண்ணம் ஒன்றே. பௌத்தச் சின்னம் கிடைத்த இடமெல்லாம் சிங்களவர் வாழ்ந்த இடம் என்பது அது. இந்த எண்ணத்துக்கு எதிர்ச்சாட்சி அதே மாகாணத்தில், திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்துக்கு அண்மையில் கிடக்கிறது.

வெல்கம் விகாரை என்பது அதன் பெயர். சுற்றுப்புறத்துத் தமிழ் மக்கள் அதனை நாதனார் கோயில் என்று வழங்கினர். இடிந்த தூபி, செங்கல்லும் கருங்கல்லுமான கட்டடங்களின் அடித்தளங்கள், நின்ற கோலத்தில் ஒரு புத்தர் சிலை ஆகியவையே எஞ்சியவை. அநுராதபுரத்தைக் கண்டு வந்த கண்ணுக்கு இது சிறிய இடந்தான். ஆனால், சிலைமனையின் அடித்தளத்தைக் கூர்ந்து பார்ப்போர் அதன் வரிவரியான கல்வேலைப்பாட்டில் சோழநாட்டுக் கோயில்களின் கைவண்ணத்தைக் காண்பர். 1950களில் தொல்பொருள் திணைக்களம் காடு வெட்டி அகழ்ந்தபோது வெளிவந்த கல்வெட்டுகளோ ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துக்கு மேற்பட்ட தமிழ்ச் சாசனங்கள்! இராசராசன், இராசேந்திரன் ஆகிய சோழப் பெருமன்னர் காலத்தவை. விகாரைக்கு அவை சூட்டும் பெயர் இராசராசப் பெரும்பள்ளி.

சாசனங்கள் கூறும் செய்தி என்ன? போர் இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. புத்தர் சந்நிதியில் விளக்கு அணையாமல் எரியப் பசுக்களை ஈந்தவர்கள், எருமைகளை ஈந்தவர்கள், காசு வைத்தவர்கள் ஆகியோரின் கணக்கு அது. பசுவிலிருந்து நெய், நெய்யிலிருந்து விளக்கு. சிவன் கோயிலுக்குத் தமிழ்நாட்டார் செய்த அதே நிவந்தத்தை, அதே முறையில், அதே மொழியில் இங்கே புத்தருக்குச் செய்திருக்கின்றனர். இவர்களைத் தமிழ்ப் பௌத்தர் என்னாமல் வேறு என்னவென்று அழைப்பது? திணைக்களத்தின் தலைமையில் அன்று இருந்த பரணவிதானவே இதனைத் தமிழ் மக்களின் பௌத்தப் பள்ளி என்று எழுதினார். அவரைத் தமிழ்க் கட்சிக்காரர் என்று எவரும் சொல்லத் துணியார்.

சோழர் தாதுக் கருவறைகளை உடைத்துச் சூறையாடினர் என்று சூளவம்சம் பாடுகிறது. படையெடுத்தவர் கொள்ளையிட்டிருப்பர், அதை மறுக்க நாம் வரவில்லை. ஆனால், அதே சோழராட்சியில் இப்பள்ளி வளர்ந்தது. அதே காலத்தில் கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்தில், ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை எழுதிக் கொடுத்தவனும் இராசராசனே. அந்த நாகப்பட்டினத்துக் கோபுரத்தில் மிஞ்சியதை 1867இல் வெள்ளையர் ஆட்சியின் அனுமதியோடு இடித்துத் தள்ளினர். பெரியகுளத்துப் பள்ளியோ காட்டுக்குள் கிடந்ததால் பிழைத்தது போலும்!

நம்மவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புத்தர் சிலை ஒன்று மண்ணிலிருந்து தலைகாட்டினால் நெஞ்சு பதறி, 'இது நம்முடையதல்ல' என்று மறுதலிக்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. பதறுவதற்குக் காரணம் உண்டு. பெரியகுளத்துக்குத் தொலைவில்லாத கன்னியாவில், பிள்ளையார் கோயில் நின்ற நிலத்தில் விகாரை எழுப்பும் முயற்சி நடந்து, 2019 ஜூலையில் மக்கள் திரண்டனர். திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. இருந்தாலும், மணிமேகலையைத் தந்த மொழிக்காரர் பௌத்தத்தை அந்நியம் என்று தள்ளுவது, வழக்கில் நமக்குச் சாதகமான உறுதியை நாமே கிழித்தெறிவதாகும். கந்தரோடையின் தூபிகளையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

இச்சாசனங்களை வாசித்து விளக்கியவர்களுக்குக் குறைவில்லை. வேலுப்பிள்ளை, இந்திரபாலா, பத்மநாதன் ஆகிய பேராசிரியர்கள் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களுக்காக உழைத்தவர்கள். அந்த அறிவுக்கு 2020ஆம் ஆண்டுச் செயலணியில் நாற்காலி இருக்கவில்லை. அரசாங்கங்கள் மாறுகின்றன, குழுக்களின் பெயர்களும் மாறுகின்றன. இனி எந்தக் குழு நியமிக்கப்பட்டாலும், பெரியகுளத்துக் கல்லை வாசிக்கத் தெரிந்தவர் அதில் எத்தனை பேர் என்று பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் முதல் நாளே கேட்க வேண்டும். சாசனங்களின் வாசகம் மூன்று மொழியிலும் பாடநூலில் ஏற வேண்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்கட்டும்.